சைக்கிள் சீற்றும் சொல்லாத வலியும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதி இன்று காபெற் வீதி. விசுவமடுவில் இறங்கி உள்ளே திரும்பினால் கிறவலும் குழியும்தான். வீடு வீடாகச் செல்லும் எனக்குச் சைக்கிளே துணை.

அங்கு ஒரு முன்பள்ளி ஆசிரியை இரண்டு நாட்களாக வேலைக்குப் போகவில்லை. "காய்ச்சல்" என்றார். சைக்கிள் ஓடி எனக்குப் புண் வந்ததைச் சொன்னேன். "எனக்கும் அதுதான் அக்கா" என்றார். இருவரும் அணிந்தது நைலோன் உள்ளாடை. நடுவில் தடித்த தையல்.

குதிரை ஓடும் பெண்களுக்கு மெத்தை வைத்த உள்ளாடைகள் உண்டு. நமக்குத் தையல் உறுத்தாத, அளவான பருத்தி உள்ளாடை போதும். துணியை மடித்து வைத்தால் நகர்ந்து உரசும். மெத்தையைச் சீற்றுக்குப் போடுங்கள். வியர்வையில் நனைந்ததைப் போனவுடன் மாற்றுங்கள். புண் ஆறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

வெட்கத்துக்காக வேலையை இழக்கலாமா, சகோதரிகளே?