திண்டுக்கல்லில் இறங்கினோம்

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் திண்டுக்கல்லை ஓர் ஊராகவே மதிப்பதில்லை. சாப்பிடக் கார் நிற்கும் இடம், அவ்வளவுதான். நாங்களும் அப்படித்தான் போயிருப்போம். ஆனால் காரில் அம்மா இருந்தாள்.

அம்மா பிறந்து வளர்ந்த ஊர் அது. 1985-இல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தாள். அதே வருஷம்தான் மதுரை ஜில்லாவிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி ஜில்லாவாயிற்று. "நான் கிளம்பினதும் ஊருக்கே ரோஷம் வந்துடுச்சு" என்பாள். தாத்தா காலமான பிறகு அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாத்தா மந்தாரை இலையில் கட்டி வாங்கி வந்த பிரியாணியைப் பற்றி மட்டும் இன்றுவரை சொல்லி ஓயவில்லை.

தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்ததுமே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 1605-இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டியது. 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து சேர்ந்தது இங்கேதான் என்று நான் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தப் பாறையிலே சறுக்கித்தான் என் பட்டுப்பாவாடை கிழிஞ்சுது" என்றாள் அம்மா. அதற்கு மேல் என் சரித்திரம் எடுபடவில்லை.

பைபாஸ் ஓரத்தில் பெரிய ஹோட்டல். வாசலில் டூரிஸ்ட் பஸ்கள். 'ஒரிஜினல்' என்ற வார்த்தை போர்டில் மூன்று தடவை இருந்தது. ஒரு தடவை இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திராது. இலையில் விழுந்ததோ நீள நீளமான பாசுமதி, அதுவும் ஆரஞ்சு வர்ணத்தில்! திண்டுக்கல் பிரியாணி என்றால் சீரகச் சம்பா அல்லவா? சீரகம் போல் பொடிசாக இருக்கும்; கறியின் சாறு முழுவதையும் குடித்துக்கொள்ளும். மிளகுதான் முன்னால் நிற்கும். இங்கே முன்னால் நின்றது பில்.

"எப்படி இருக்கு அத்தை?" என்றாள் என் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அம்மா கறித்துண்டை இலையோரம் ஒதுக்கினாள். அப்புறம் மெதுவாக, "நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேனோ என்னமோ" என்றாள். பில்லைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

காரை ஊருக்குள் திருப்பச் சொன்னேன். ஓர் ஆட்டோக்காரரிடம் விசாரித்தபோது அவர் சிரித்தார். "அங்கேயா சாப்பிட்டீங்க? உள்ளூர்க்காரன் ஒருத்தன் போகமாட்டானே!" என்று பேகம்பூர் பக்கம் வழி காட்டினார். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் இடம் அது; பேட்டைக்குப் பெயரும் அதனால்தான்.

சின்னக் கடை. நான்கே மேஜை. மணி மூன்றாகிவிட்டது, அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். "கறி தீர்ந்துபோச்சும்மா. கொஞ்சம் குஸ்கா இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்களேன்" என்றார் கடைக்காரர்.

அம்மா ஒரு கவளம் வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் மூச்சு விடவில்லை.

"உப்பு ஒரு கல் கூட" என்றாள். இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "பதினோரு மணின்னா சரியா பதினோரு மணிதானே?" என்று கேட்டாள்.

கொடைக்கானலில் முன்பணம் கட்டிய அறை அன்றிரவு காலியாகவே கிடந்தது.