குற்றம் பற்றரியில் இல்லை



நமது ஆலயத்தின் பின்புறம் நிற்கும் பழைய பிக்கப் வாகனத்தை அறியாதவர் உங்களுள் எவரும் இலர். 2005ஆம் ஆண்டு வாகனம். மூன்று இலட்சம் கிலோமீற்றரைக் கடந்துவிட்டது. உணவு வங்கிக்குப் பெட்டிகள் ஏற்றுவதும், புதிதாக வந்து சேரும் குடும்பங்களுக்குக் கட்டிலும் மேசையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதன் பணி. இந்தக் குளிர்காலத்தில் அவ்வாகனம் காரணமாக நான் ஓர் இளைஞருக்கு அநீதி இழைத்தேன். அது பலர் முன்னிலையில் நிகழ்ந்தபடியால், அதன் திருத்தமும் பலர் அறிய நிகழ வேண்டும். அதற்காகவே இதனை எழுதுகிறேன். பழைய வாகனம் வைத்திருப்போருக்கு இது வேறு வகையிலும் பயன்படக்கூடும்.

தை மாதத்தில் ஓர் இரவு, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நெடுநாள் நோயுற்றிருந்த ஒரு தாயார் என்னைக் காண விரும்புவதாக மகள் சொன்னார். வெளியே உறைநிலைக்குக் கீழே 22 பாகை. திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுழலவில்லை. 'டக் டக் டக்' என்று விரைவான ஓர் ஒலி மட்டும் கேட்டது. விளக்குகள் மங்கின. அயல்வீட்டவர் தமது காரைக் கொண்டுவந்து பூஸ்ற் கொடுத்தார். உடனே எஞ்சின் இயங்கியது. நான் சென்றபோது தாயார் விழித்திருந்தார். ஆனால் வழி நெடுக என் உள்ளத்தில் அச்சமும், அச்சத்திலிருந்து பிறந்த கோபமும் இருந்தன.

பற்றரி புதியது, கார்த்திகை மாதத்தில்தான் மாற்றியிருந்தேன். அன்று பிற்பகல் வாகனத்தை எடுத்துச் சென்றவர் நமது இளைஞர் ஒருவர். ஆகவே அவர் விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார் என்று தீர்மானித்தேன். மறுநாள் திருப்பலி முடிந்து மக்கள் கோப்பி அருந்திக்கொண்டிருந்த மண்டபத்திலேயே அவரிடம் அதைச் சொன்னேன்.

"ஃபாதர், நான் லைற் எல்லாம் நிப்பாட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார் அவர். நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவர் வரவில்லை.

குருமடத்தில் எங்களுக்குத் தருக்கவியல் கற்பித்தார்கள். ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்பது அதன் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. பரீட்சையில் அதற்கு நல்ல புள்ளி பெற்றவன் நான்.

பத்து நாட்களின் பின் வாகனம் மீண்டும் அதே ஒலியை எழுப்பி நின்றது. இம்முறை அதை ஓட்டியவன் நான் ஒருவனே. விளக்குகளை என் கையாலேயே அணைத்திருந்தேன். அப்பொழுதுகூட அந்த இளைஞரை நான் நினைக்கவில்லை. இன்னொரு பற்றரிக்கு விலை கேட்டேன். இதைக் கேள்வியுற்ற நமது பங்கின் முதியவர் ஒருவர், ஊரில் கராஜ் வைத்திருந்தவர், ஒரு வோல்ட்மானியுடன் வந்துவிட்டார்.

"பொறுங்கோ ஃபாதர். பற்றரியைப் பிறகு வாங்குவம். முதல் அளந்து பாப்பம்."

அவர் செய்த சோதனைகள் மிக எளியவை. முதலில் வாகனம் ஓய்ந்திருக்கையில் பற்றரியை அளந்தார். முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்; இருந்தது 12.2, அதாவது ஏறத்தாழப் பாதி. அடுத்து, வோல்ட்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோக உடலிலும் வைத்து, என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். இவ்விரண்டையும் இணைப்பது ஒரு தடித்த ஏர்த் வயர். அந்த வயர் நன்றாக இருந்தால் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. முள் 2 வோல்ட்டைத் தாண்டியது. வயரின் மேலுறையை வெட்டிக் காட்டினார். உப்புநீர் புகுந்து, உள்ளே செப்புக் கம்பிகள் பச்சைப் பொடியாகிக் கிடந்தன. வெளியே பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் தடிப்பதால், ஸ்ரார்ட்டர் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. பழுதான வயரில் இழப்பும் அதே அளவில் மிகுகிறது. அதனாலேயே சற்று வெப்பமான நாட்களில் வாகனம் ஒழுங்காக இயங்கியது. எஞ்சின் ஓடும்போது ஒல்ரனேற்றரில் 14.3 வோல்ட் இருந்தது; அந்த வயர் வழியாகப் பற்றரிக்குச் சேர்ந்ததோ 13.4 மட்டுமே. ஆகையால் புதிய பற்றரியும் நாளுக்கு நாள் மெலிந்தது. எவரும் விளக்கை எரியவிடத் தேவையிருக்கவில்லை.

"அப்படியானால் பூஸ்ற் கொடுத்ததும் உடனே இயங்கியது எப்படி?" என்று கேட்டேன். என் தீர்ப்புக்கு அதுவே பெரிய சான்றாக இருந்தது. அவர் சிரித்தார். பூஸ்ற் கொடுக்கும்போது கறுப்புக் கவ்வியைப் பற்றரியில் மாட்டாமல் எஞ்சினின் உலோகத்தில் மாட்டுவதே முறை. அயல்வீட்டவர் முறைப்படியே செய்தார். அதனால் மின்சாரம் பழுதான வயரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போயிற்று. நான் சான்று என்று எண்ணியதே என்னை ஏமாற்றியது.

அவர் வேலை செய்வதைப் பார்த்து நின்றபோது 1990களின் தொடக்க ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பதே அரிது. பழைய ஓஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதிரிப்பாகங்களும் பற்றரிகளும் தடைப்பட்டியலில் இருந்தன. 'மாற்றிப் பார்ப்போம்' என்பதற்கு வழியே இல்லை. ஆகவே நம் மெக்கானிக்குகள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள், மோந்து பார்த்தார்கள், பழுது எங்கே என்று உறுதியாக அறிந்த பின்னரே திருகாணியில் கை வைத்தார்கள். இங்கே எல்லாம் கடையில் கிடைக்கிறது. அதனால் அளப்பதற்கு முன் மாற்றுகிறோம்.

அவரிடம் கேட்டறிந்தவற்றையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாகனம் இயங்க மறுத்தால் முதலில் ஒலியைக் கவனியுங்கள். விரைவான 'டக் டக்' எனில் பற்றரியோ இணைப்போ பலவீனம். ஒரேயொரு கனத்த 'டக்' எனில் ஸ்ரார்ட்டரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை எனில் எரிபொருளோ தீப்பொறியோ வந்து சேரவில்லை. திறப்பைப் பாதி திருப்பினால், பெற்றோல் தாங்கியிலுள்ள பம்ப் ஓரிரு விநாடிகள் முரலும். அந்த முரல்வு இல்லையேல் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால், குறியீடு வாசிக்கும் சிறு கருவி ஒன்று போதும். ஆனால் குறியீடு முறைப்பாட்டையே சொல்கிறது, குற்றவாளியைச் சொல்வதில்லை. பி0171 என்று வந்தால் கலவையில் காற்று மிகுந்துள்ளது என்பது பொருள். பலர் உடனே ஒட்சிசன் உணரியை மாற்றுகிறார்கள். வெடித்த ஓர் இறப்பர்க் குழாய் வழியாகக் காற்றுப் புகுவதைத்தான் பெரும்பாலும் அந்த உணரி உண்மையாக அறிவித்துக்கொண்டிருக்கும். பி0305 எனில் ஐந்தாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. அதன் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் குற்றம் கொயிலில். மாறாவிட்டால் கொயில் நிரபராதி. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாகனம் நிற்கையில் சூடாக்கி குளிர்காற்றை வீசி, ஓடும்போது மட்டும் சூடு தருமாயின், குளிர்விக்கும் திரவத்தின் அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். பிறேக் மிதி வழமைக்கு மாறாகத் தாழ்ந்தால் வீட்டுக்குக்கூட ஓட்டிச் செல்ல வேண்டாம். வீதியில் கொட்டும் உப்பு, உருக்குப் பிறேக் குழாய்களை அரித்துவிடுகிறது. அங்கே அளந்து பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. வாகனத்தை இழுத்துச் செல்ல ஆளை அழையுங்கள்.

புதிய ஏர்த் வயரின் விலை, நான் வாங்கவிருந்த பற்றரியின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதைப் பூட்டிய அன்று மாலையே அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்த தாயார் திகைத்தார். மகனை அழைத்தார். "தம்பி, பிழை என்னுடையது. நீர் சொன்னதை நான் கேட்டிருக்க வேணும்" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஃபாதர், நீங்கள் சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. உண்மையா நிப்பாட்டினனானோ எண்டு ராத்திரி எல்லாம் யோசிச்சனான்" என்றார்.

அச்சொற்கள் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. பழுதில்லாத பற்றரியை மாற்றினால் பணம் மட்டுமே போகும். குற்றமில்லாத ஒருவரை என் சொல் இரவு முழுவதும் தம்மையே ஐயுறச் செய்துவிட்டது. அன்று மண்டபத்தில் நின்று அதைக் கேட்ட அனைவருக்கும் இங்கே சொல்கிறேன்: அவர் விளக்கை அணைத்திருந்தார்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆலய வாகனத் தரிப்பிடத்தில் முதியவர் தமது வோல்ட்மானியுடன் இருப்பார். பழைய வாகனம் வைத்திருப்போர் வாருங்கள், கட்டணம் இல்லை. கையுறை கொண்டுவாருங்கள். கணக்குகளைக் குறித்துக்கொள்ள அந்த இளைஞர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் தேநீர் ஊற்றுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை