ஆசான் வந்த வழி

ஒரு நூலைக் கற்கப் புகுவோன் முதற்கண் அறிய வேண்டியவற்றை அடுக்கிக் கூறும் நன்னூற் பாயிரம், ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’ என்பதனை வைக்கின்றது. இந்நூல் எதன் வழியாக வந்தது என்பதே அதன் கருத்து. எங்கள் தமிழ் வகுப்பில் இப்பகுதியைப் படித்துத் தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். எனினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது, என் தங்கையின் கை முறிந்த பின்னரேயாம்.

சென்ற ஆண்டு, பன்னிரண்டு வயதினளான அவளுக்குத் தற்காப்புக் கலை பயில வேண்டுமென்னும் அவா எழுந்தது. அவளை ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றவன் யானே. அவ்விடத்தின் பெயர் இங்கு வேண்டா. சுவர் முழுவதும் கண்ணாடியிட்ட சான்றிதழ்கள் தொங்கின. ஆசிரியர் ஒருவரே நான்கு கலைகளிற் கறுப்புப் பட்டை பெற்றவராக விளங்கினார். ‘இவற்றை யாரிடம், எத்துணைக் காலம் கற்றீர்கள்?’ என்று ஒரு வினாவும் கேளாமல் பணத்தைக் கட்டி வந்தேன். மூன்றாம் வாரத்தில், விழும் முறை இன்னும் கற்பிக்கப்படாத அவளைப் பெரிய பையன் ஒருவன் தூக்கி எறியும்படி விட்டனர். கையை ஊன்றி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாள். தந்தையார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்வாண்டு அவள் மறுபடியும் கேட்கத் தொடங்கினாள். தந்தையார் வாய் திறவாது செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அம்மாவோ என்னை அடுக்களைக்கு அழைத்து, “மக்களே, இந்தத் தடவை சுவரைப் பார்க்காதே, ஆளைப் பார். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வா” என்றார்கள்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மாடியில் டோஜோ ஒன்று உண்டு. டோஜோ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு ‘வழியைப் பயிலும் இடம்’ என்று பொருள் என்பதை அங்கேதான் அறிந்தேன். பாயிரத்து ‘வழி’ என் நினைவிற்கு வந்தது. படியேறும்போது கால் சற்றுத் தயங்கியது. ஒருவரிடம் சென்று ‘உமக்குக் கற்பிக்கத் தகுதி உண்டா?’ என்று கேட்பது பத்தொன்பது வயதினனுக்கு எளிதன்று.

தலைமை ஆசிரியருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் வினாவைக் கேட்டு அவர் சினக்கவில்லை. “இதை முதலிலேயே கேட்கிறவர்கள் குறைவு, தம்பி, உட்காருங்கள்” என்றார். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஓர் ஆசிரியரிடம் பதினான்கு ஆண்டுகள் ஷோட்டோகான் கராத்தே பயின்றவர் அவர். முதல் எட்டு மாதமும் நிற்பதற்கும் நடப்பதற்கும் மட்டுமே பழக்கினாராம். “அலுக்கவில்லையா, ஐயா?” என்றேன். “அலுத்தது. புனகோஷிக்கும் அலுத்திருக்கும்” என்று சிரித்தார்.

புனகோஷி கிச்சின் என்பவர் 1868-ஆம் ஆண்டு ஒகினாவாத் தீவிற் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, இரவில் விளக்கேந்தி அசாத்தோ என்னும் ஆசான் வீட்டிற்கு நடந்து செல்வார். ஒரே ஆட்டமுறையை மாதக்கணக்கிற் செய்து காட்டினாலும், ஆசான் மனம் நிறைந்தாலன்றி அடுத்தது கிடையாது. 1922-இல் அவர் டோக்கியோ சென்று அக்கலையைக் காட்டிய பிறகே அது ஜப்பான் முழுதும் பரவலாயிற்று. வெள்ளை உடையும் கறுப்புப் பட்டையும் கராத்தேக்கு ஆதியில் உரியன அல்ல. ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவின் முறையைப் பின்பற்றி வந்தவை. கானோவும் கல்வித்துறையிற் புகழ்பெற்ற ஆசிரியரே. உலகெங்கும் பரவிய இவ்விரு கலைகளையும் பரப்பியவர் இருவரும் கரும்பலகை முன் நின்றவர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. யானும் ஆசிரியத் தொழிலையே விரும்புகிறேன்.

“ஆயுதப் பயிற்சி உண்டா?” என்று கேட்டேன். “பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் கற்கவில்லை, ஆகவே கற்பிப்பதில்லை” என்றார். சான்றிதழைக் கேட்டபோதுதான் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் ஒரே கலைதான் இருந்தது.

ஜூடோ கற்பிப்பவர் ஓர் இளம்பெண். ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கியதும் இப்போது சென்னை நந்தனத்தில் உள்ளதுமான ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். பின்னர்ப் பட்டியாலாவில், பழைய மோதிபாக் அரண்மனையில் நடைபெறும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஜூடோ பயிற்றுநர் பட்டயமும் பெற்றவர். என் வினாக்களுக்கு இரண்டு வாக்கியத்தில் விடையளித்துவிட்டு, அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார். எந்தக் கை? எலும்பு கூடி எத்தனை மாதம்? மருத்துவர் என்ன சொன்னார்? எப்படி விழுந்தாள்? கையை ஊன்றினாள் என்றதும் அவர் முகம் மாறிற்று. “விழுவதைத்தான் நாங்கள் முதலில் கற்பிப்போம். கையை ஊன்றக் கூடாது; உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்தாற்போல் பாயை அறைய வேண்டும். அது பழகுகிற வரையில் ஒருவரும் அவளைத் தொட மாட்டார்கள்” என்றார். இந்த ஒரு செய்தியைச் சென்ற ஆண்டு யான் விசாரித்திருக்கலாமே!

மூன்றாமவர் சனிக்கிழமை மட்டும் வருபவர். எழுபது கடந்த ஆசான். தலைமை ஆசிரியர் சென்னை செல்லுமுன், சிறுவராய் இருந்தபோது, அடிமுறைச் சுவடுகளைப் பழகியது இவரிடந்தான். சான்றிதழ் ஒன்றும் இவரிடம் இல்லை. தக்கலைப் பக்கத்தில் தம் தாய்மாமனிடம் கற்றாராம். முதல் இரண்டாண்டும் அடியே கிடையாது. எண்ணெய் காய்ச்சுதல், உளிச்சில், சுளுக்கெடுத்தல் இவையே பாடம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என எண்ணப்படும் நூற்றெட்டும் அறிந்திருந்தும், குழந்தைகளுக்கு அவற்றுள் ஒன்றும் சொல்வதில்லை. “இளக்கத் தெரியாதவன் அடிக்கப்படாது” என்றார். “உங்கள் மாமா யாரிடம் கற்றார், ஆசானே?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “அவருடைய ஆசானிடம். பெயர் கேட்டு வைக்கவில்லை, பிள்ளே. கேட்டிருக்கணும்” என்றார்.

தகுதியற்ற ஆசிரியர்க்கு நன்னூலார் நான்கு உவமை கூறுவர். அவற்றுள் கழற்பெய் குடம் என்பது, கழற்காய்களைப் பெய்து நிறைத்த குடம். கவிழ்த்தால் முதலிற் பெய்தது முதலில் வராது, கைக்கு அகப்பட்டது முன்னே விழும். விழுவதற்கு முன் எறிவதைக் கற்பித்த அவ்விடம் என் கண்முன் வந்து நின்றது. அன்று அக்குடத்தைக் கண்ணாடிச் சட்டத்தினூடே பார்த்து வியந்தவன் யான்.

இவையனைத்தையும் அம்மாவிடம் சொன்னேன். சான்றிதழைப் பற்றி அவர்கள் கேட்கவேயில்லை. “அந்த ஆசான் பெயர் தெரியாது என்று ஒத்துக்கொண்டாரா?” என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றேன். மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி வரும்படி தந்தையார் உள்ளறையிலிருந்தே சொன்னார்.

திங்கட்கிழமை மாலை யான் அவளோடு சென்று, வாயிற்புறத்துப் பலகையில் அமர்ந்தேன். ஒரு மணி நேரமும் அவள் குந்தியிருந்து பின்னாற் சாய்ந்து விழுவதையே செய்தாள். முதலில் இடக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் பாயை அறைந்தாள். ஆசிரியை அவளை வற்புறுத்தவில்லை. தாமும் பக்கத்திற் குந்தி, அவளோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தார். வகுப்பு முடியும் தறுவாயில் இரண்டு கைகளும் ஒருங்கே பாயில் விழுந்த ஓசை வெளியே எனக்குக் கேட்டது.