மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை நானும் என் மனைவியும் சேர்ந்துதான் பார்த்தோம். பாரிசிலிருந்து மகன் டிவிடி அனுப்புவான். கீழே ஓடும் பிரெஞ்சு வரிகளை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிரெஞ்சு வராது.

முதல் சீசனில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ராபர்ட் அரசனும் ராணி செர்சியும் தங்கள் கெட்டுப்போன திருமணத்தைப் பற்றி நிதானமாகப் பேசும் காட்சியை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நாயகன் என்று நம்பிய நெட் ஸ்டார்க்கின் தலை ஒன்பதாவது பகுதியிலேயே போனது. அன்றிரவு இவள் சாப்பிடவில்லை.

மார்ட்டினின் ஐந்தாவது நாவல் 2011இல் வந்தது. தொடர் முடியும்வரை ஆறாவது வரவில்லை. கதை புத்தகத்தைத் தாண்டியதும் பேச்சு குறைந்து நெருப்பு கூடியது. பத்துப் பகுதிகள் வந்த இடத்தில் ஏழாவது சீசனுக்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. சுவருக்கு அப்பால் சிக்கியவர்கள் அண்டங்காக்கையிடம் சேதி அனுப்பினால் டெனேரிஸ் உடனே டிராகனோடு வந்து நிற்கிறாள். (எந்தத் தபால்காரருக்கும் அந்த வேகம் வராது.) எனக்கோ வேலையில்லை. உறுமலை எப்படி மொழிபெயர்ப்பது?

அண்ணன் தலையில் உருக்கிய பொன்னை ஊற்றியபோது அசையாமல் நின்ற டெனேரிஸைப் பார்த்து, "இவ ஊரையே கொளுத்துவா, பாருங்க" என்று முதல் சீசனிலேயே சொன்னவள் என் மனைவி. நான் மறுத்தேன். கடைசிக்கு முந்தைய பகுதியில், சரணடைந்ததற்கான மணி அடித்த பிறகும் அந்தப் பெண் நகரத்தைக் கொளுத்தினாள். ஜெயித்த களிப்பில் இருப்பாள் என்று இவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"எப்பங்க இவ மனசு மாறிச்சு? நடுவுல எதையாவது சொல்லாம விட்டுட்டீங்களா?" என்றாள்.

நான் ஒன்றையும் விடவில்லை.