விலா எலும்பும் ஆறு மணி நேரமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், விஷயமே பொறுமையைப் பற்றியதுதான்.

எலும்புக்கறி பஞ்சு மாதிரி வேக வேண்டும் என்றால் நம் வீடுகளில் ஒரே பதில்: குக்கரில் ஆறேழு விசில். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பன்றி விலா எலும்பைக் கரி அடுப்பில் ஆறு மணி நேரம் வைக்கப் போவதாக அவன் சொன்னான். "ஏன் தம்பி, குக்கர் இல்லையா?" என்றேன்.

"குக்கர்ல வெந்துடும்ப்பா. புகை வாசம் ஏறாது" என்றான்.

அந்த ஊருக்கு இது பெருமைக்குரிய தொழில். 1908 வாக்கில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் அங்கே புகையில் வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். அவரிடம் கற்றவர்கள் வழியாகத்தான் அந்த நகரத்தின் பார்பிக்யூ வளர்ந்தது.

விலாக் கறி ஏன் கடினமாக இருக்கிறது? அதில் கொல்லாஜன் என்ற நார்ப்பொருள் அதிகம். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் மெதுவாக, மணிக்கணக்கில் இருந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டிப்படுகிறதே, அதே பொருள்தான். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நார் இளகுவதற்கு முன்பே சாறு வற்றிவிடும்.

மகன் செய்த முறை இது. எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தி முனையால் நெம்பி, காகிதத் துண்டால் பிடித்து உரித்தான். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், சர்க்கரை தடவினான். நீறு பூத்த கரியை அடுப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்தான். கறிக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர். பிறகு மூடிவிட்டு, காற்றுத் துளைகளைத் திறந்தும் குறைத்தும் உள்ளே 110 முதல் 120 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்து வைத்தான். முதல் 3 மணி நேரம் புகையில். அடுத்த 2 மணி நேரம் அலுமினியத் தாளில் சுற்றி. கடைசி 1 மணி நேரம் பிரித்து வைத்து, இறுதியில் சாஸ் பூசி. சாஸில் சர்க்கரை இருப்பதால் முன்னாலேயே பூசினால் கருகிவிடும்.

நடுவில் ஒரு கட்டம் வரும். கறியின் சூடு 70 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், ஏறவே ஏறாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே கணக்கு: மேல்ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப்போகிறது. தாளில் சுற்றுவது அதற்காகத்தான்.

சுற்றி வைத்த அந்த இரண்டு மணி நேரம் செய்வதற்கு வேலையே இல்லை. மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். இரண்டு நாற்காலிகளில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பதினொன்றாம் வகுப்பில் விடுதிக்குப் போன பிள்ளை அவன். அதன்பிறகு எங்கள் பேச்செல்லாம் பெரும்பாலும் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி.

அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போன வருஷம் வேலை போய் நாலு மாசம் வீட்லதான் இருந்தேன்ப்பா. சொன்னா நீங்களும் அம்மாவும் தூங்க மாட்டீங்கன்னு சொல்லலை."

நான் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவனுக்கு அது எளிதல்ல. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே மீதியையும் சொன்னான். கடன் தவணை, இரவில் தூக்கம் வராதது, மருமகள் தைரியம் சொன்னது, எல்லாம். நான்கு நிமிட வீடியோ அழைப்பில் இவையெல்லாம் வெளியே வந்திருக்காது.

கறி வெந்ததா என்று பார்க்க, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்க வேண்டும். துவண்டு வளைந்து, மேல்புறம் லேசாக வெடித்தால் பதம். கடித்த இடம் மட்டும் எலும்பை விட்டு வந்தது. என் பல்லுக்கும் சிரமமில்லை.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டு நெஞ்செலும்பில் செய்து பார்க்கலாம். அது மெல்லியது என்பதால் நேரத்தைக் குறைத்து, கடிகாரத்தை நம்பாமல் வளைத்துப் பார்த்து எடுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், குக்கரை ஒரு நாள் ஓரம் வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடுங்கள்.