மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்

பிள்ளையை அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, அல்லது நூறு மைலுக்கு அப்பால் விடுதியில் கொண்டுபோய் விடுவதா என்பது நம் குடும்பங்களில் எந்நாளும் தீராத தர்க்கம். தகப்பனார், "படிப்பல்லவா முக்கியம்?" என்பார். தாயாரோ, "குழந்தை யார் கையால் சாப்பிடும்?" என்பாள். இரண்டும் நியாயந்தான். இந்தத் தர்க்கத்துக்குப் பழனி மலையே சாட்சியாக நிற்கிறது என்றால் நேயர்கள் நம்புவது கஷ்டம். ஆயினும் கோடைக்கானல் ஏரிக்குச் சமீபத்தில், ஏழு ரோடு சந்திப்பின் அருகேயுள்ள பழைய பள்ளிக்கூடத்தின் சரித்திரம் பெரும்பாலும் இந்தத் தர்க்கத்தின் சரித்திரமேயாகும்.

வெள்ளைக்காரர் நம் நாட்டு மலைகளில் பள்ளிக்கூடம் வைத்ததற்குக் குளிர்ச்சி ஒன்றே காரணமன்று. நீலகிரியில் லாரன்ஸ் பள்ளி 1858-ம் வருஷம் பட்டாளத்தாரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. அடுத்த வருஷம் சிம்லாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆண்பிள்ளைப் பள்ளிக்கு அஸ்திவார யோசனை நடந்தது. அதற்கு முயன்ற பிஷப் காட்டன், இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் உபாத்தியாயராக இருந்தவர். 1857-ம் வருஷத்து எழுச்சியினின்றும் ஆங்கிலேயர் தப்பியதற்குக் கடவுளுக்குச் செலுத்தும் நன்றிக் காணிக்கையே அந்தப் பள்ளி. நாம் சுதந்திரப் போர் என்று எண்ணி ஏங்கும் சம்பவம், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் காணிக்கையாயிற்று! ஆளப் பிறந்தவர்களை ஆளத் தகுந்தவர்களாக வளர்ப்பது அத்தகைய பள்ளிகளின் நோக்கம்.

கோடைக்கானல் பள்ளியின் பிறப்பு வேறு வகையானது. இங்கே முதலில் வீடு கட்டியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமார்களே அவர்கள். மதுரையின் வெயிலும், காலராவும், விஷ ஜுரமும் அவர்களை வாட்டின. சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். ஜுரம் அங்கும் விடவில்லை. கடைசியில், வார்டு என்னும் படைத் துரை 1821-ல் அளந்துவிட்டுப் போன பழனி மலை உச்சியை நாடி, 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை ஓடைக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கியது பிறகு 1863-ல்தான்.

மலை, பெரியவர்களின் உயிரைக் காத்தது. குழந்தைகளின் விஷயம் என்ன? அக்காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் பிள்ளைக்கு ஆறேழு வயது ஆனால் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கடிதம் போய்ச் சேரவே பல வாரம். வழியனுப்பிய குழந்தையைத் தாய் மறுபடி பார்க்கும்போது, அது தன்னை மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஊராருக்கு உபதேசம் செய்ய வந்தவர்கள் தங்கள் மடியைக் காலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தத் துயரத்துக்குப் பரிகாரமாகத்தான் 1901-ம் வருஷம் ஹைக்ளெர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் அதே பெயரால் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. முதல் தலைமையாசிரியை மார்கரெட் எட்டி என்ற அம்மையார். இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியம் செய்த ஷெர்வுட் எட்டியின் தாயார் அவர். சமுத்திரத்துக்கு அப்பால் போக வேண்டிய குழந்தை மலைக்கு மேலே போனால் போதும் என்று ஆயிற்று. ஆண் குழந்தைகளோடு பெண் குழந்தைகளும் ஒன்றாகப் படித்தார்கள். ஆளும் ஜாதியை உற்பத்தி செய்வதற்கன்று, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைப்பதற்கே இந்தப் பள்ளி ஏற்பட்டது. இதை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் பாராட்டி முடித்ததும் வேறொரு காட்சி கண்ணுக்குத் தெரிகிறது. மோட்டார் ரோடு முடிவதற்கு முன்னால் மலைக்கு வருவோர், பெரியகுளத்துக்கு அருகே அடிவாரத்துத் தோப்பில் இறங்கி, நடந்தோ, மட்டக் குதிரையிலோ, டோலியிலோ செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். நடக்க மாட்டாதவர்களை டோலியில் வைத்துச் சுமந்தவர்கள் நம்மவர்கள். மூட்டையும் முடிச்சும் வந்ததும் நம்மவர் தலைமேல்தான். ஏழாயிரம் அடி உயரத்துக்குச் சுமை தூக்கிய மனிதனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஏரிக்கரைப் பள்ளியில் இடமில்லை. வெகு காலம் வரையில் அது பாதிரிமாரின் குழந்தைகளுக்கென்றே நடந்தது.

நியாயம் பேசுவோமானால் ஒன்று சொல்ல வேண்டும். அதே பாதிரிமார்கள் சமவெளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகள் வைத்தார்கள். பசுமலையில் 1881-ல் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. நம் பிள்ளைகளுக்குக் கீழே ஒன்று, அவர்கள் பிள்ளைகளுக்கு மேலே ஒன்று என்றுதான் ஏற்பாடு இருந்தது. படிப்பைப் பகிர்ந்துகொண்டார்கள், பெஞ்சியைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

காலம் அந்த ஏற்பாட்டை மாற்றியது. 1947-ல் சுதந்திரம் வந்தது. பிற்பாடு வெளிநாட்டுப் பாதிரிமாரின் தொகையும் குறைந்தது. 1970-களில் ஹைக்ளெர்க் என்ற பெயர் போய், கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்ற பெயர் வந்தது. 1976-ல், இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்னும் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட பள்ளியும் அதுவே. இந்தியப் பிள்ளைகளும் பல தேசத்துப் பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். மெத்தச் சந்தோஷம்.

ஆயினும் கோடைக்கானல் பஸ் நிலையத்தில் ஒரு ஜூன் மாதத்தில் நாம் கண்ட தாயாரை மறக்க முடியவில்லை. மலையிலுள்ள ஏதோ ஒரு விடுதியில் சேரவிருந்த மகனுக்கு அவள் ஸ்வெட்டர்ப் பொத்தானைப் போட்டுவிட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பையன், "போதும்மா" என்றான். தகப்பனார் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமுத்திரப் பிரிவு வேண்டாம் என்று ஒருகாலத்தில் அயல்நாட்டுத் தாய்மார் தேடிக்கொண்ட மலைக்கு, இன்று நம் தாய்மார் பிரிவைத் தேடி வருகிறார்கள். அதற்குப் பணமும் கட்டுகிறார்கள்!

பிள்ளையைத் தூரத்தில் படிக்க வைப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல உபாத்தியாயர் கிடைத்தால் இமயமலைக்கும் அனுப்பலாம். ஆனால், அனுப்புவது பிள்ளையின் கல்விக்காகவா, ஊராரிடம் சொல்லிக்கொள்ளும் பெருமைக்காகவா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. கப்பலில் பிள்ளையை அனுப்பிய தாய்க்கு வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது.

இன்னொரு தூரமும் உண்டு. பழனி மலைக் காடுகளில் பளியர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். கோடைக்கானலுக்குக் கீழேயுள்ள வெள்ளகவி போன்ற சிற்றூர்களில் வெகு காலம் வரை ஒற்றையடிப் பாதையைத் தவிர வழியே கிடையாது. அமெரிக்காவுக்கும் கோடைக்கானலுக்கும் இடையிலிருந்த தூரம் 1901-ல் குறைந்துவிட்டது. இந்த மலையிலேயே பிறந்த குழந்தைக்கும் நல்ல பள்ளிக்கூடத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்தான். அதைக் குறைக்கும் பொறுப்பை இனி எந்தத் துரைமீதும் போட முடியாது, அது நம்முடையது.