ஆளுக்கொரு பங்கு ஜப்பானியம்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு போவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் நடந்தது பாகப்பிரிவினை. சொத்து அல்ல, மொழி. எண்ணும் காசும் மகனுக்கு. சாப்பாடு மனைவிக்கு. வழி கேட்பது எனக்கு. அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும். ஒருவரே எல்லாவற்றையும் படித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தால் அவருக்கு அது சுற்றுலா அல்ல, உத்தியோகம். கம்பெனி வேலையாக ஜப்பானில் இருந்த நண்பர்கள் சிலர், ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு வாயாக இருந்தே களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் ஜப்பானியம் படிப்பது இன்று அதிசயமில்லை. வகுப்புகளும் உண்டு, ஜேஎல்பிடி தேர்வையும் இங்கேயே எழுதலாம். அதன் தொடக்க நிலையான என்5 பாடங்களைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேர்வில் வாயைத் திறந்து பேசும் பகுதியே கிடையாது. தமிழருக்கு வாக்கிய அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. ‘நாரா எ இகிமசு’ என்றால் ‘நாராவுக்குப் போகிறேன்’. வினை கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய ஒட்டு நிற்கும், கேள்வியாக்க வேண்டுமானால் முடிவில் ஒரு ‘கா’. இதையும் சொற்களையும் வைத்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்று வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் நமக்கென்ன, மனசுக்குள் தமிழில் யோசித்த வரிசையிலேயே பேச முடிகிறதே என்பதுதான் என் சந்தோஷம். எழுத்துதான் ஆளை அடிக்கிறது. ஹிராகனாவில் 46, கதகனாவில் 46, அதற்கு மேல் கணக்கில் அடங்காத கான்ஜி.

ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ‘கோல்டன் வீக்’ விடுமுறைக் கூட்டம் வடியட்டும் என்று மே நடுவில் கிளம்பினோம். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி ஹருகா ரயிலில் கியோத்தோ.

முதல் அடி கடையில் விழுந்தது. புத்தகம் நமக்குக் கேட்கத்தான் கற்றுக்கொடுக்கிறது, எதிராளி பதிலுக்குப் பேசுவதைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கடைச் சிப்பந்தி பேசுவதோ புத்தகத்து ஜப்பானியமே இல்லை. வாடிக்கையாளரிடம் பேசவென்றே மிகப் பணிவான தனி வழக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் பல வினைச்சொற்களே வேறாகிவிடும். பை வேண்டுமா, சூடாக்கித் தரட்டுமா, பாயின்ட் கார்டு இருக்கிறதா, எல்லாம் ஒரே மூச்சில். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கியாக வேண்டும் என்பதால் பைக் கேள்வி தப்பவே தப்பாது. இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியதும் கேள்விகள் பிடிபட்டுப் பயம் போய்விட்டது. ஆனால் அதைப் பேச்சு என்று சொல்ல மாட்டேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பது போலத்தான்.

மகன் பஸ்ஸில் தேறினான். கியோத்தோ நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் காசைப் போட வேண்டும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 230 யென், சிறுவர்களுக்கு 120. பெட்டி பாக்கி தராது, முன்கூட்டியே சில்லறை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் 810. நூறு ‘ஹ்யாகு’ என்றாலும் 300, 600, 800 வரும்போது ஓசை மாறிவிடும், வகுப்பில் எனக்கு அது குழம்பிக்கொண்டே இருந்தது. இவனுக்கு உடனே ஏறிவிட்டது, கையில் காசு இருந்தது அல்லவா. ‘ஹப்யாகு ஜூ’ என்று உரக்கச் சொல்லியபடி ஒவ்வொரு காசாகப் போடுவான். பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

மனைவியின் பங்குதான் கனமானது. நாங்கள் சைவம். ஜப்பானில் கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. உடோன், சோபா, மிசோ சூப் என்று எதை எடுத்தாலும் அடியில் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது கத்சுஒபுஷியில் எடுத்தது. சூரை மீனைப் புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தி, மெல்லிசாகச் சீவுவார்கள். நம் மாசிக்கருவாட்டுக்கு உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நிஷிகி சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன உடோன் கடையில் மனைவி தன் வாக்கியத்தை இறக்கினாள்: “நிகு தோ சகானா வா தபேமசென்.” கறியும் மீனும் சாப்பிடுவதில்லை. பிறகு தாஷியையும் சேர்த்தாள். கடைக்கார அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை, யோசித்தார். உள்ளே போய்க் கருத்த பலகை போல ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கொன்பு, கடற்பாசி. “கொன்பு மட்டுமா?” என்று மனைவி கேட்க, அவர் அடுப்பைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, “அஷித்தா” என்றார். நாளை.

மறுநாள் போனோம். கொன்பும் உலர்ந்த ஷீதாகே காளானும் போட்டுத் தனியாகச் சாறு எடுத்து வைத்திருந்தார். புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் தாஷி இப்படித்தான். மேலே பொரித்த தோஃபுவும், கியோத்தோவுக்குப் பேர்போன குஜோ வெங்காயத்தாளும். பரிமாறிவிட்டு நின்று எங்கள் முகத்தையே பார்த்தார். பெரிய ஓட்டல்களில் நாம் ஜப்பானியத்தில் வாயெடுத்தால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, இல்லையென்றால் மொழிபெயர்க்கும் செல்போனை நீட்டுகிறார்கள். அவசரம் அவர்களுக்கு, குறை சொல்ல முடியாது.

அம்மாவுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. விடியற்காலையில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டுப் பாட்டியம்மா அந்நேரம் தன் வீட்டு முன்புறத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். கியோத்தோவில் இதற்கு ஒரு முறை உண்டு. அடுத்த வீட்டு எல்லைக்குள் கொஞ்சம்போலத் துடைப்பம் போகலாம், அதிகம் போனால் அதிகப்பிரசங்கித்தனம். “கோலம் ஒண்ணுதான் பாக்கி” என்றாள் அம்மா. ‘ஒஹாயோ கொசாய்மசு’ சொன்னதோடு அவளுடைய ஜப்பானியம் தீர்ந்தது. பிறகு அவள் தமிழிலும் அந்தம்மா கியோத்தோ பேச்சிலும் பூந்தொட்டிகளைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். உதவலாம் என்று போனேன். “நீ உள்ளே போடா, நாங்க பேசிக்கிறோம்” என்று துரத்திவிட்டாள்.

என் பங்குக்கு வேலை வந்தது நாராவில். மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், பிஸ்கட் தீர்ந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கும் என்பதோடு விடுகிறேன். தோதைஜி கோயிலுக்கு வழி கேட்டதற்கு ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்தார். இந்தியா என்றதும் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் ‘போதாய்சென்னா’ என்ற பெயர் காதில் விழுந்ததும் கதை பிடிபட்டுவிட்டது. போதிசேனர், சீனா வழியாக 736-ல் ஜப்பான் வந்த இந்தியத் துறவி. 752-ல் தோதைஜியின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் அவர்தான். அவர் பிடித்த தூரிகையில் நீளக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் புண்ணியத்தில் பங்குபெற அதைப் பிடித்துக்கொண்டார்களாம். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. பெரியவர் அதை நடித்தே காட்டினார். ஒரு கையில் தூரிகை, மறு கையால் இல்லாத கயிற்றை எங்கள் பக்கம் நீட்டினார். அம்மா சட்டென்று கை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மகனுக்குத் தன் இலாகா நினைவு வந்துவிட்டது. “நன்னின் தெசு கா?” எத்தனை பேர் பிடித்தார்கள்?

பெரியவர் இரண்டு கையையும் அகல விரித்து, “தகுசான், தகுசான்” என்று சிரித்தார்.

“நிறையன்னு சொல்றாருப்பா” என்று என்னிடம் முறையிட்டான். “நம்பர் கேட்டா நம்பர் சொல்ல வேண்டாமா?”